நம்பாதவனின் ஓபரா

வியன்னாவின் அரசு ஓபரா அரங்கில் நின்றபடியே பார்ப்பதற்கென்று தனி இடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில், விலை உயர்ந்த இருக்கைகளுக்கெல்லாம் பின்னால், மேடைக்கு நேர் எதிரே. ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் அந்த ஊரில் இருந்தபோது நாலு யூரோ கொடுத்து அங்கே நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் சீக்கிரமே போய் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே விட்டதும் வேகவேகமாகப் போய்க் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் அந்த இடம் நமக்கு. அப்புறம் நிம்மதியாக வெளியே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் தொட மாட்டார்கள். நம்மூரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே சட்டம். ஐரோப்பிய உயர்கலை மீது எனக்கு முதன்முதலில் பாசம் வந்தது அந்தக் கம்பியைப் பார்த்தபோதுதான்.

அன்று புச்சினியின் 'தோஸ்கா'. மார்கரெத்தே வால்மன் 1958இல் மேடையமைத்த அதே தயாரிப்பு இன்றுவரை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, அறுநூறு தடவைக்கு மேல். கதை 1800ஆம் வருடத்து ரோமில் நடக்கிறது. தோஸ்கா ஒரு பாடகி. அவள் காதலன் கவரதோஸி ஓர் ஓவியன். போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா ஓவியனைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடகியிடம் பேரம் பேசுகிறான். ஒப்புக்குத்தான் சுடுவோம், துப்பாக்கியில் குண்டு இருக்காது என்கிறான். தோஸ்கா அவனைக் கத்தியால் குத்திவிட்டு, காதலனிடம் ஓடிப்போய், சுட்டதும் தத்ரூபமாக விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள். சுடுகிறார்கள். அவன் உண்மையிலேயே தத்ரூபமாக விழுகிறான், ஏனென்றால் குண்டு நிஜம். அவள் கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். வாத்தியக்குழு மொத்தமும் சேர்ந்து ஒரு மெட்டை முழங்குகிறது. திரை.

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. என் மண்டைக்குள் ஓடியது வேறு. கடைசியில் முழங்கிய அந்த மெட்டு, கவரதோஸி சாவுக்குக் காத்திருக்கும்போது தனியாகப் பாடியது. அப்போது தோஸ்கா அங்கே இல்லவே இல்லை. அவளுக்குத் தெரியாத ஒரு பாட்டு எதற்காக அவள் சாகும்போது முழங்குகிறது? அவள் குதிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பாதி ராத்திரியில் ரூமுக்குத் திரும்பி நெட்டில் தேடினால், ஜோசஃப் கெர்மன் என்ற அமெரிக்க விமர்சகர் 1956இலேயே இதைக் கேட்டு வைத்திருக்கிறார். நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், நல்ல மெட்டு கைவசம் இருக்கிறதே என்று கடைசியில் ஒருமுறை ஓங்கி வாசித்துவிட்டார்கள் என்பது அவர் வழக்கு. ஒரே சந்தோஷம் எனக்கு. ஆனால் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் அழுதது நிஜம். கெர்மனும் நானும் சரியாகச் சொல்கிறோம் என்றால் அவள் எதற்காக அழுதாள்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. என் ரசனையைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்பதால் என் குறையையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் லேசில் நம்பாத ஆள். இசை உலகப் பொது மொழி, இசை ஆன்மாவோடு பேசுகிறது, மோட்சார்ட்டைக் கேட்டால் குழந்தைகளுக்கு மூளை வளரும் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே கை அரிக்கும். வேலையும் அப்படி: எவனோ எழுதிய கோடை வாங்கி, "இது நீ சொல்கிறதைத்தான் செய்கிறதா?" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பத்து வருடமாக மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிறேன். முறையாகப் படித்ததில்லை. நோட்டேஷனைத் தடவித் தடவித்தான் வாசிப்பேன். பிடித்தது இருக்கிறது, பிடிக்காதது அதைவிட நிறைய இருக்கிறது.

*

என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு குலதெய்வம் இருக்கிறார். எட்வர்ட் ஹான்ஸ்லிக், வியன்னாவின் இசை விமர்சகர். 1854இல் இசையின் அழகைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் அந்த நூற்றாண்டின் பெரிய சண்டைகளில் ஒன்றைத் தொடங்கிவைத்தது. அவர் சொன்னது எளிமையானது: இசைக்குள் உணர்ச்சி இல்லை. இசைக்குள் இருப்பது அசைவு. வேகம், அழுத்தம், ஏற்றம், இறக்கம், தயக்கம். கோபத்துக்கும் இதே வேகம் இருக்கலாம், குதூகலத்துக்கும் இருக்கலாம். எது என்று சொல்வது வார்த்தையின் வேலை. சுரத்தின் வேலை அதுவல்ல.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம்தான் அழகு. க்ளுக்கின் 'ஆர்ஃபியோ', 1762இல் வியன்னாவில் அரங்கேறிய ஓபரா. செத்துப்போன மனைவியைப் பாதாள உலகம்வரை போய் மீட்டு வருகிற ஆர்ஃபியஸ், வழியில் திரும்பிப் பார்த்து மறுபடியும் அவளை இழக்கிறான். அப்போது பாடுகிற புலம்பல் ஐரோப்பாவையே அழவைத்தது. ஆனால் அது இருப்பது மேஜர் ஸ்கேலில், நம் சங்கராபரணத்தின் அதே சுரங்களில். பளிச்சென்று, நேராக, ஒரு கீறல் இல்லாமல். க்ளுக் காலத்திலேயே புவாயே என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பிடித்துவிட்டார். "அவளை இழந்தேன்" என்பதை எடுத்துவிட்டு "அவளைக் கண்டடைந்தேன்" என்று போட்டாலும் இந்த மெட்டு அட்டகாசமாகப் பொருந்தும் என்றார். ஹான்ஸ்லிக் இதை எடுத்து முன்னால் வைக்கிறார். இசைக்குத் துக்கம் சொல்ல இதைவிடத் தெளிவான வழிகள் உண்டு என்று க்ளுக்கையும் லேசாகக் குட்டுகிறார்.

எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. கோடில் ஒரு வேரியபிளுக்கு 'லாபம்' என்று பெயர் வைத்தாலும் 'நஷ்டம்' என்று பெயர் வைத்தாலும் கம்பைலருக்கு ஒன்றுதான். பெயர் நமக்காக வைப்பது. நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோம். அதில் 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டு இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. அங்கே ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன மெட்டு இங்கே அம்பாளிடம் நம்மைக் காப்பாற்றச் சொல்கிறது. இரண்டு இடத்திலும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

இது விளையாட்டான உதாரணம். விளையாட்டில்லாத உதாரணமும் உண்டு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியின் கடைசிப் பகுதி, மனிதர்கள் எல்லாரும் சகோதரர்கள் என்று ஷில்லரின் கவிதையை வைத்துப் பாடுகிற அந்த மெட்டு, 1972இல் ஐரோப்பிய கவுன்சிலின் கீதமானது. இரண்டே வருடம் கழித்து, 1974இல், கறுப்பின மக்களை அடக்கி ஆண்டுகொண்டிருந்த ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு அதே மெட்டை வேறு வார்த்தைகளோடு தன் தேசிய கீதமாக்கிக்கொண்டது. மெட்டு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. எந்தச் சுரமும் தொண்டையில் சிக்கிக்கொள்ளவில்லை. ஒன்பதாவது சிம்ஃபனியின் முதல் மூன்று பகுதிகளை இன்றும் விரும்பிக் கேட்கிறேன். நான்காவது தொடங்கியதும் எனக்குள் ஒரு வாட்ச்மேன் எழுந்து நின்றுவிடுகிறார். இவ்வளவு சத்தமாக அன்பைச் சொல்கிறவர்களிடம் அவர் கொஞ்சம் ஐடி கார்டு கேட்பார்.

*

ஹான்ஸ்லிக்கின் எதிர்முகாமில் இருந்தவர் ரிச்சர்ட் வாக்னர். இருவருக்கும் ஆகவே ஆகாது. 'மைஸ்டர்சிங்கர்' ஓபராவில் விதிமுறைகளைப் பிடித்துத் தொங்கும் கோமாளி விமர்சகன் ஒருவன் வருகிறான். ஆரம்ப வரைவில் அவனுக்கு வாக்னர் வைத்த பெயர் 'ஹான்ஸ்லிஷ்'. இவ்வளவு வெளிப்படையாக நம் ஊர் சினிமாக்காரர்கள்கூட விமர்சகர்களைத் திட்டியதில்லை.

வாக்னரைப் பொறுத்தவரை வார்த்தை, இசை, மேடை மூன்றும் ஒன்றில் ஒன்று கரைய வேண்டும், கேட்பவன் அதில் மூழ்க வேண்டும். 'ட்ரிஸ்டன்' 1865இல் மியூனிக்கில் அரங்கேறியது. அதன் முதல் சில நொடிகளில் ஒரு சுரக்கூட்டு வரும். தீராத ஏக்கம் மாதிரி அந்தரத்தில் நிற்கும். நாலு மணி நேரம் கழித்து, கடைசி நிமிடத்தில்தான் அந்த ஏக்கம் முழுசாகத் தீரும். சும்மா சொல்லக்கூடாது, இதைச் செய்ய அசுரத் திறமை வேண்டும். ஆனால் எனக்கு அந்த மூழ்குதல்தான் பிரச்சினை. வாக்னர் என்னிடம் எதையும் சொல்லிப் புரியவைப்பதில்லை. என் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். மூச்சுமுட்டுவதை ஞானம் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு தடவை முழுசாகக் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் மூன்றாம் அங்கத்தில் மணி பார்த்தேன். யூதர்களைப் பற்றி அவர் எழுதிய கேவலமான கட்டுரையைச் சொல்லி இதிலிருந்து தப்பிக்க விரும்பவில்லை. அது தனி வழக்கு. அவர் உத்தமராக இருந்திருந்தாலும் நான் மணி பார்த்திருப்பேன்.

எனக்குப் பிடித்தவர் ஹைடன். தன்னைத்தானே முழுசாக நம்பாத இசை அவருடையது. 1781இல் எழுதிய ஒரு நால்வர் இசையின் கடைசிப் பகுதியில் மெட்டு முடிந்த மாதிரி நிற்கும். கேட்பவர்கள் கைதட்டத் தயாராவார்கள். மறுபடி இரண்டு அடி வரும். நிற்கும். மறுபடி. கடைசியில் நிஜமாகவே முடியும்போது நாம் இன்னும் காத்துக்கொண்டிருப்போம். முடிவு என்பது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான் மேட்டர் என்று கண்சிமிட்டுகிற ஆள். அவரிடம் என் வாட்ச்மேனுக்கு வேலையே இல்லை, உட்கார்ந்து டீ குடிப்பார்.

ஆனால் ஹைடனோடு நிறுத்திக்கொண்டால் நான் பொய் சொன்னவனாவேன். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது ஓபராதான், மனிதர்கள் வாயைத் திறந்து உணர்ச்சியைக் கொட்டுகிற, நான் நம்பவே கூடாத அந்த வடிவம். அதிலும் குறிப்பாக இரண்டு இடங்கள். இரண்டிலும் நடப்பது பச்சைப் பொய் அல்லது பச்சை அயோக்கியத்தனம். இரண்டிலும் இசை அப்பழுக்கில்லாதது.

*

முதலாவது மாண்டெவெர்டியின் 'பொப்பேயா', வெனிஸ், 1643. ரோமாபுரி மன்னன் நீரோவுக்கு பொப்பேயா மேல் ஆசை. பட்டத்து ராணியாக வேண்டும் என்பது அவள் கணக்கு. குறுக்கே நின்று அறிவுரை சொன்ன செனெகாவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி நீரோ ஆளனுப்புகிறான். ராணி ஒக்டாவியா நாடு கடத்தப்படுகிறாள். எல்லாம் முடிந்து, கிரீடம் தலையில் ஏறியபின், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரு பாட்டு பாடுகிறார்கள். அடியில் நான்கு சுரம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கும், திரும்ப மேலே போய் மறுபடி இறங்கும். அதன்மேல் இரண்டு குரல்கள் ஒன்றில் ஒன்று உரசி, விலகி, மறுபடி பின்னிக்கொள்ளும். உலகத்தில் எழுதப்பட்ட காதல் பாட்டுகளில் இவ்வளவு தூய்மையாக இருப்பவை ரொம்பக் கொஞ்சம். பாடுபவர்களின் கையில் ரத்தம்.

வெனிஸ் ரசிகர்கள் டாசிட்டஸ் படித்தவர்கள். இதே நீரோ கர்ப்பிணியாக இருந்த பொப்பேயாவை உதைத்து, அதில் அவள் செத்துப்போனதாக அந்த வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டிருப்பார்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்தப் பாட்டை எழுதியது மாண்டெவெர்டிதானா என்பதே சந்தேகம். பெனடெட்டோ ஃபெராரி, சக்ராத்தி என்று வேறு பெயர்களைச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, யாரோ எழுதிய மெட்டில் இரண்டு கொலைகாரர்கள் பரிசுத்தமான அன்பைப் பாடுகிறார்கள். ஹான்ஸ்லிக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அழகுக்கும் நியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை, கேஸ் முடிந்தது என்று பல வருடம் இதைக் காட்டி நண்பர்களை வாயடைத்திருக்கிறேன்.

இரண்டாவது மோட்சார்ட்டின் 'கோஸி ஃபான் துத்தே'. 1790 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. ஐந்து தடவை நடந்திருந்தபோது பேரரசர் இரண்டாம் யோசஃப் இறந்துபோனதால் அரங்கை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்த ஓபராவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கதையை மாற்றி எழுதிப் போட்டார்கள். வாக்னர்கூட ஒரு புத்தகத்தில் இதைத் தொட்டிருக்கிறார். 'ஃபிகாரோ'வுக்குப் போட்ட மாதிரி இசையை மோட்சார்ட்டால் இதற்குப் போட முடியாமல் போனதே அவர் நேர்மைக்கு அத்தாட்சி என்பது வாக்னர் கட்சி. அதாவது மட்டமான கதைக்கு நல்ல இசை வரவே வராது. வாக்னர் எவ்வளவு அழகாகத் தப்பாகச் சொல்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

கதை இதுதான். நேப்பிள்ஸ் நகரில் இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள். அவர்களுக்கு நிச்சயமான இரண்டு சகோதரிகள். டான் அல்ஃபோன்ஸோ என்ற கிழவர், எதையும் நம்பாதவர், பந்தயம் கட்டுகிறார்: ஒரே நாளில் உங்கள் பெண்கள் மாறிக் காட்டுவார்கள். பையன்கள் போருக்குப் போவதாக நாடகமாடி, வேஷம் மாற்றித் திரும்பி வந்து, ஆளுக்கு மற்றவன் காதலியை மயக்க வேண்டும். முதல் அங்கத்தில் அவர்கள் படகேறிப் போகிறார்கள். போரும் இல்லை, பயணமும் இல்லை, எல்லாம் செட்டப். கரையில் நிற்பது இரண்டு சகோதரிகளும் அல்ஃபோன்ஸோவும். மூன்று பேரும் சேர்ந்து, காற்றும் அலையும் போகிறவர்களுக்கு இதமாக இருக்கட்டும், நம் ஆசைகளுக்கு இணங்கட்டும் என்ற பொருளில் ஒரு சின்னப் பாட்டு பாடுகிறார்கள். மூன்று நிமிடம் இருக்கும். வயலின்கள் ஒலியடக்கி போட்டுக்கொண்டு அலை மாதிரி முணுமுணுக்கின்றன. 'ஆசைகள்' என்ற சொல் வரும் இடத்தில் இசை எதிர்பாராத ஒரு சுரக்கூட்டில் கால் வைத்து, ஒரு கணம் தடுமாறி, பிறகு சமநிலைக்கு வருகிறது.

பெண்கள் பாடுவது புரிகிறது, அவர்கள் ஏமாற்றப்படுபவர்கள். ஆனால் அல்ஃபோன்ஸோ? இந்தப் பொய்யைக் கட்டியவரே அவர்தான். அவர் குரலுக்கு மோட்சார்ட் ஒரு நக்கலான ஓரச் சுரம்கூட வைக்கவில்லை. அடியில் நின்று அந்தப் பெண்களை அவர் குரல் தாங்குகிறது. பாட்டு முடிந்து பெண்கள் போனதும் அவர் தனியாக நின்று, நான் ஒன்றும் மோசமான நடிகன் இல்லை என்று தன்னை மெச்சிக்கொள்கிறார். இதையும் என் வழக்குக் கட்டில் சேர்த்து வைத்திருந்தேன். பொய்யும் மெய்யும் சுரத்துக்கு ஒன்றுதான், பார்த்தீர்களா?

*

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் என்னையும் மாமாவையும் வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பரவிவிட்டது, திறந்து பார்ப்போம், பெரிசாக எதிர்பார்க்க வேண்டாம். அப்பாவுக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா சொன்னாங்க?" என்றார்.

"சின்ன ஆபரேஷன்தான்ப்பா. நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

"சரிடா" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப்பின் எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்திலும் அதற்கடுத்த சில மாதங்களிலும் நான் எதையும் கேட்கவில்லை, ஹெட்ஃபோனே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஆபீஸ் கேபில் திரும்பும்போது எதேச்சையாக 'கோஸி'யைப் போட்டேன். அந்த மூவர் பாட்டு வந்தது. அல்ஃபோன்ஸோவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஏனோ அன்று அந்த ஆள் எனக்குப் பரிச்சயமானவராக இருந்தார்.

நான் அப்பாவிடம் சொன்னது பொய். சந்தேகமே இல்லை, நாலு நாளில் போகவில்லை. ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு வேண்டுதலும் இருந்தது: நல்லபடியாகப் போய் வர வேண்டும். வேண்டுதல் ஒரு கூற்று கிடையாது. அதற்கு ட்ரூ, ஃபால்ஸ் என்று மதிப்புப் போட முடியாது. இத்தனை வருடமாக என் வாட்ச்மேன் வாசலில் நின்று ஒவ்வொரு பாட்டிடமும் "நீ சொல்றது நிஜமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி தப்பில்லை. ஆனால் இந்தப் பாட்டு எதையும் சொல்லவே இல்லை, வேண்டிக்கொள்கிறது. கடலில் புயல் இல்லை என்பது அல்ஃபோன்ஸோவுக்குத் தெரியும். இந்தப் பெண்களுக்குக் கரையிலேயே ஒரு புயல் காத்திருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த மூன்று பேரில் இதமான காற்று எவ்வளவு தேவை என்று அறிந்து பாடுபவர் அவர் ஒருவரே. மோட்சார்ட் அவருக்கு நக்கல் சுரம் வைக்காமல் விட்டது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

ஹான்ஸ்லிக் சொன்னது இப்போதும் சரிதான். இசைக்குள் இருப்பது அசைவு மட்டுமே. ஆனால் வேண்டிக்கொள்ளும்போது மனசு அசைகிற அசைவு, யார் வேண்டினாலும், எதை மறைத்துக்கொண்டு வேண்டினாலும், ஒன்றாகவே இருக்கிறது போல. கொலைகாரனுக்கும் இருக்கிறது. அது நீரோவை விடுதலை செய்துவிடாது, ரொடீசியாவையும் செய்யாது. அதற்கெல்லாம் சாட்சியாக இசையைக் கூப்பிட்டதுதான் நான் செய்த பிழை. வியன்னாவில் என் பக்கத்தில் நின்று அழுத பெண்ணும் கதையின் லாஜிக்குக்காக அழுதிருக்க மாட்டாள். அந்த மெட்டு தோஸ்காவுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், இருபது நிமிடம் முன்னால்தான் கேட்டிருந்தாள். அது அவளுக்காக வாசிக்கப்பட்டது. எனக்கு இன்னும் புச்சினி பிடிக்கவில்லை. வாக்னருக்கு இன்னொரு தடவை போகிற உத்தேசமும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைக் கேலியாகப் பார்த்ததற்கு வருத்தம் இருக்கிறது.

ஆப்களில் அந்த மூவர் பாட்டைத் தனியாக வெட்டி, தூங்குவதற்கான இசை, அமைதிக்கான இசை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்து வரும் அல்ஃபோன்ஸோவின் பேச்சு அதில் இருக்காது. நான் அதையும் சேர்த்தே கேட்கிறேன். ஏனென்றால் அன்று தியேட்டர் கதவு மூடியபின் மாமா என் தோளில் கைவைத்து, "நல்லா சமாளிச்சடா, மாப்ள" என்றார். அந்த ஒரு நொடி எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.